98 பர்சன்டைல் வாங்கியும் ஏன் கூப்பிடவில்லை?

போன வருடம் ஜனவரியில் ஒரு மாலை, எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் பையன் என்னைப் பார்க்க வந்தான். சிவில் இன்ஜினீயர். இரண்டு வருடம் வேலை பார்த்தவன். எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் கேட் தேர்வு எழுதியிருந்தான். (எம்.டெக். படிப்புக்கும் கேட் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது வேறு. இது ஐ.ஐ.எம். என்னும் மேலாண்மைக் கழகங்கள் நடத்துவது. பூனை என்று பொருள் வரும் கேட்.)

"சார், எனக்கு 98.4 பர்சன்டைல். என்னைவிடக் கம்மியா வாங்கின ஃப்ரெண்டுக்கு இன்டர்வியூ கால் வந்திருக்கு. எனக்கு வரல. இது என்ன நியாயம்?" என்றான்.

முப்பத்தாறு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு இதெல்லாம் தெரியும் என்று நினைத்து வந்திருக்கிறான். எனக்கு அன்று பதில் தெரியவில்லை. அவன் போன பிறகு பல வாரம் இதைப் பற்றிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பேரன் பேத்தி இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு உபயோகப்படும்.

முதலில் இந்தப் பர்சன்டைல் சமாசாரம். நம் காலத்து ஆட்கள் பலர் இதை நூற்றுக்கு எத்தனை மார்க் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உனக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்பதுதான் பர்சன்டைல். 2024 கேட் தேர்வை எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். அதில் 98.4 என்றால் பையனுக்கு முன்னால் ஏறக்குறைய 4,700 பேர் நிற்கிறார்கள். மார்க் கணக்கில் பார்த்தால் மொத்தத்தில் பாதியை எட்டாதவர்கூட 99 பர்சன்டைல் வாங்கிவிடலாம். தேர்வு அவ்வளவு கடினம். தவறான விடைக்கு மார்க்கைக் கழித்தும் விடுவார்கள்.

சரி, அவனுக்கு முன்னால் நின்றவர்களைக் கூப்பிட்டார்கள் என்றால் புரிகிறது. பின்னால் நின்றவனை ஏன் கூப்பிட்டார்கள்? இதற்கு விடை தேடினால் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது.

போட்டித் தேர்வு என்பது சிபாரிசை ஒழிக்க வந்த ஏற்பாடு. நம் நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதிகாரிகள் எப்படி வந்தார்கள்? லண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்கள் தங்கள் மருமகனையும் நண்பர் மகனையும் நியமித்தார்கள். அவர்களுக்கு ஹெய்லிபரி என்ற ஊரில் கல்லூரி வைத்துப் பயிற்சி கொடுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். 1853 சட்டம் இந்த உரிமையைப் பறித்தது. 1855இல் லண்டனில் முதல் திறந்த போட்டித் தேர்வு நடந்தது. எட்டு வருடம் கழித்து, 1863இல், சத்தியேந்திரநாத் தாகூர் அதில் தேறினார். முதல் இந்தியர் அவர். டைரக்டர்களின் சிபாரிசு முறை நீடித்திருந்தால் அவர் உள்ளே போயிருக்க வழியே இல்லை.

ஆனால் அதே தேர்வில் இன்னொரு கதையும் உண்டு. நமக்குப் புதுச்சேரியால் நெருக்கமான அரவிந்தர் 1890இல் எழுத்துத் தேர்வில் நல்ல இடம் பிடித்துத் தேறினார். ஆனால் குதிரை ஏற்றத் தேர்வு என்று ஒன்று இருந்தது. அதற்கு அவர் ஒழுங்காகப் போகவில்லை. தகுதி இழந்தார். அவருக்கே அந்த வேலையில் விருப்பம் இல்லை என்பார்கள். அது இருக்கட்டும். எழுத்துத் தேர்வில் தேறிய பிறகும் "ஆள் எப்படி?" என்று தனியாகப் பார்க்கும் வழக்கம் அப்போதே இருந்தது என்பதுதான் நான் கவனித்தது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். எம்.பி.ஏ. படிப்பு அங்கேதான் பிறந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908இல் தொடங்கியது. ஹார்வர்டின் இளங்கலைக் கல்லூரியில் அந்தக் காலத்தில் நுழைவுத் தேர்வு இருந்தது. தேறினால் இடம். 1920களின் தொடக்கத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர்கள். பலர் பிழைப்புத் தேடி வந்த குடும்பத்துப் பிள்ளைகள், நன்றாகப் படிப்பவர்கள். அப்போதைய தலைவர் லோவெலுக்கு இது பிடிக்கவில்லை. 1922இல் யூதர்களுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். எதிர்ப்பு வந்தது. நேர்வழியில் முடியாததைச் சுற்றுவழியில் செய்தார்கள். மார்க் மட்டும் போதாது, விண்ணப்பதாரரின் குணநலன், பழகும் தன்மை, ஆளுமை எல்லாம் பார்க்கப்படும் என்றார்கள். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்டார்கள். உன் பெயரோ உன் தந்தை பெயரோ பிறந்த பிறகு மாற்றப்பட்டதா என்றுகூடக் கேள்வி வைத்தார்கள். யூதர்களின் எண்ணிக்கை குறைந்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. இன்றைக்கு 'ப்ரொஃபைல்' என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, படிப்பு தவிர நீ யார், என்ன செய்தாய் என்று பார்ப்பது, அதன் வேர்களில் ஒன்று ஒரு கூட்டத்தை வெளியே நிறுத்தப் போட்ட திட்டத்தில் இருக்கிறது.

அதற்காக மார்க் பக்கம் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. 1926இல் வந்த எஸ்.ஏ.டி. தேர்வை உருவாக்கிய கார்ல் பிரிகாம் என்ற உளவியலாளர், அதற்கு மூன்று வருடம் முன்பு ராணுவத்தினரிடம் நடத்திய அறிவுத் தேர்வுகளை வைத்து, வட ஐரோப்பிய இனமே அறிவில் உயர்ந்தது என்று புத்தகம் எழுதியவர். 1930இல் அது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் தேர்வு நிலைத்துவிட்டது. லோவெலுக்கு அடுத்து வந்த கோனன்ட், பணக்காரப் பள்ளிகளில் படிக்காத கெட்டிக்காரப் பையன்களைக் கண்டுபிடித்து உதவித்தொகை கொடுக்க அதே தேர்வைப் பயன்படுத்தினார். கத்தி ஒன்றுதான். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. போரிலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்றது. கல்லூரிகளில் கூட்டம் அலைமோதியது. தேர்வு நடத்துவதையே தொழிலாகக் கொண்ட ஈ.டி.எஸ். நிறுவனம் 1947இல் அமைந்தது. 1953இல் ஹார்வர்டு, கொலம்பியா, சிகாகோ உட்பட ஒன்பது வணிகப் பள்ளிகள் கூடிப் பேசின. நாட்டின் எந்த மூலையில், எந்தக் கல்லூரியில் படித்தவனாக இருந்தாலும் ஒரே தராசில் நிறுக்க ஒரு தேர்வு வேண்டும் என்றன. 1954இல் அது நடந்தது. முதல் வருடத்தில் எழுதியவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். 1976இல் அதற்கு ஜிமேட் என்று பெயர் மாறியது. பிற்காலத்தில் வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் எழுதினார்கள்.

அந்தத் தேர்வை உண்டாக்கியவர்கள் அதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. வணிகப் பள்ளியில் முதல் வருடப் பாடங்களில் ஒருவர் எப்படித் தேறுவார் என்பதை ஓரளவு முன்கூட்டிக் காட்டும், அவ்வளவே. நல்ல மேனேஜர் ஆவாரா, நாணயமானவரா, நஷ்டம் வந்தால் ஓடிவிடுவாரா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. அந்த எண்ணை ஆளின் மதிப்பாகவே ஆக்கிவிட்டது பிற்பாடு வந்த நாம்தான்.

தேர்வு வந்துவிட்டதால் கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் இரண்டு வருட எம்.பி.ஏ. படிப்பின் முதல் வருடத்தில் பெண்கள் நேராகச் சேர முடிந்தது 1963இல்தான். அந்த வருடம் சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். அதற்கு முன்னால் ஒரு பெண் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அந்த வாசல் அவருக்கு இல்லை.

நம் நாட்டில் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு 1961 நவம்பரில் கல்கத்தாவிலும் டிசம்பரில் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் தொடங்கின. கல்கத்தாவுக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. துணை நின்றது. விக்ரம் சாராபாய் முன்னின்று தொடங்கிய அகமதாபாத்துக்கு ஹார்வர்டு துணை. 1973இல் பெங்களூர் வந்தது. நம் திருச்சிக்கு 2011இல் ஒன்று கிடைத்தது. தொடக்கத்தில் என்.ஐ.டி. வளாகத்தில் நடந்து, பிறகு புதுக்கோட்டைச் சாலையில் சூரியூர்ப் பக்கம் சொந்த இடத்துக்குப் போனது. இன்று நாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட ஐ.ஐ.எம்.கள் இருக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் வாசல் கேட் தேர்வு. அந்தத் தேர்வின் சரித்திரத்தில் இரண்டு வருடங்களை மறக்க முடியாது. 2003 நவம்பரில் கேள்வித்தாள் வெளியானது. சி.பி.ஐ. கண்டுபிடித்துச் சிலரைக் கைது செய்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய தேர்வு ரத்தானது. 2004 பிப்ரவரியில் எல்லோரும் மறுபடி எழுதினார்கள். 2009இல் பென்சிலும் தாளும் போய்க் கணினி வந்தது. வைரஸ் புகுந்து பல மையங்களில் கணினிகள் முடங்கின. தேர்வு எழுத முடியாதவர்களுக்கு 2010 ஜனவரியில் வேறு தேதி கொடுத்தார்கள். ஒரே தராசு என்கிறோம். அந்தத் தராசும் மனிதர்கள் பிடிக்கும் தராசுதான்.

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன். கேட் மார்க் மட்டும் வைத்துப் பார்த்தால் வகுப்பு முழுவதும் ஒரே மாதிரி ஆட்களாக வருகிறார்கள் என்று ஐ.ஐ.எம்.கள் கண்டன. பெரும்பாலும் இன்ஜினீயர்கள், பெரும்பாலும் ஆண்கள். வரலாறு படித்தவர், மருத்துவம் படித்தவர், பெண்கள் குறைவு. எனவே மற்ற விஷயங்களுக்கும் மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள். பத்தாம் வகுப்பு மார்க், பன்னிரண்டாம் வகுப்பு மார்க், பட்டப்படிப்பு மார்க், வேலை அனுபவம், இன்ஜினீயரிங் அல்லாத படிப்பு, பெண் என்பது, இப்படி ஒவ்வொரு கழகமும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது. இதன் பலனாக 2013இல் கோழிக்கோட்டில் சேர்ந்த வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். அகமதாபாத்தில் நேர்முகத்துக்குப் பிறகு நடக்கும் இறுதித் தேர்வில் கேட் மார்க்கின் பங்கு கால்வாசி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இட ஒதுக்கீடு தனி. அது சட்டம். பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீதத்தை உச்ச நீதிமன்றம் 2008இல் ஏற்ற பிறகு இந்தக் கழகங்களிலும் அது படிப்படியாக வந்தது. பையனின் நண்பனும் அவனும் ஒரே பிரிவு. ஆகவே வித்தியாசம் அதில் இல்லை.

பையனிடம் பழைய மார்க்குகளைக் கேட்டேன். பன்னிரண்டாவதில் 84 சதவீதம். பத்தாவதில் 71. நண்பனுக்கு இரண்டிலும் 95க்கு மேல்.

"பத்தாவதுல என்னப்பா ஆச்சு?" என்றேன்.

"அது அப்பா தவறின வருஷம் சார்" என்றான்.

எனக்கு அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. பதினைந்து வயதில் அப்பாவைப் பறிகொடுத்த வருடத்தில் எழுதிய பரீட்சை, இருபத்து நான்கு வயதில் வந்து அவன் வழியை மறிக்கிறது. அந்தக் கணக்கை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரே ஒரு நாள் தேர்வை நம்பாமல் பத்து வருட உழைப்பைப் பார்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் 71 என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. ஏன் 71 என்று எழுதக் கட்டம் இல்லை. கணினி அழைத்த பிறகுதான் நேர்முகம். நேர்முகத்தில்தான் அதைச் சொல்ல முடியும். அங்கே போகவே அவனுக்கு வழியில்லை.

நேர்முகம் என்றதும் என் பாவத்தையும் சொல்லிவிட வேண்டும். வங்கியில் பதவி உயர்வுக் குழுவில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். தடுமாறாமல் இங்கிலீஷ் பேசியவர்களுக்கு என் கை தானாக இரண்டு மார்க் கூடப் போட்டது. கிராமத்துக் கிளையில் பயிர்க்கடன் வசூலில் பெயர் வாங்கிய ஒருவர் தமிழும் இங்கிலீஷும் கலந்து திணறினார். அவருக்குக் குறைவாகப் போட்டேன். அவர் எங்கள் கிளைக்கே வந்து ஒரு வருடம் என்னோடு வேலை பார்த்தபோதுதான் எவ்வளவு பெரிய தப்பு செய்தேன் என்று புரிந்தது. 'ஆளைப் பார்க்கிறோம்' என்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் என்னைப் போல ஒருவர்தான். தனக்குப் பழக்கமான சாயல் தெரிந்தால் அவருக்குப் பிடித்துப் போகும்.

இந்தச் சண்டை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மருத்துவ, பொறியியல் படிப்புகளுக்கு 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. கோச்சிங் போக வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று சொல்லி அதைச் சட்டம் போட்டு எடுத்தார்கள். 2007-08 முதல் பிளஸ் டூ மார்க்தான் என்று ஆனது. ஆனால் இதே மாநிலத்தில் எம்.பி.ஏ. சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு இன்றும் இருக்கிறது. ஒரே அரசு, ஒரே ஊர்ப் பிள்ளைகள், ஒரு படிப்புக்கு ஒரு நியாயம், இன்னொன்றுக்கு வேறு நியாயம்.

அமெரிக்காவிலும் முடிவாகவில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியே 1980களின் நடுவில் ஜிமேட் வேண்டாம் என்று விட்டுவிட்டு, பத்து வருடத்துக்கு மேல் கழித்து மறுபடி கேட்க ஆரம்பித்தது. 2019இல் அங்கே ஒரு பெரிய ஊழல் வெளிவந்தது. பணக்காரப் பெற்றோர் சிலர் பிள்ளைகளுக்குத் தேர்வு மார்க்கையும் போலியாக வாங்கினார்கள், விளையாட்டு வீரர் என்று போலி ப்ரொஃபைலும் தயாரித்தார்கள். இரண்டுக்கும் விலை இருந்தது. கொரோனா வந்தபோது பல கல்லூரிகள் தேர்வு மார்க் கட்டாயமில்லை என்றன. எம்.ஐ.டி. இளங்கலைச் சேர்க்கைக்கு 2022இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. வசதியில்லாத பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை தன்னைக் காட்டிக்கொள்ள அந்த மார்க் உதவுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். கோனன்ட் நினைத்ததும் இதைத்தானே.

எல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். சிபாரிசு அநியாயம் என்று எண் வந்தது. எண் அநியாயம் என்று ஆளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆளைப் பார்ப்பதில் பழைய சிபாரிசு வேறு வேஷத்தில் திரும்பி வருகிறது என்று மறுபடி எண்ணுக்கு ஓடுகிறார்கள். எந்த முறை வந்தாலும் அது புதிதாக யாரையாவது வெளியே நிறுத்தும். அவர்கள் யார் என்று தேடிப் பார்க்கிற பொறுப்பு முறையை வகுப்பவர்களுக்கு இருக்க வேண்டும். வீட்டில் ஒரு சாவு விழுந்த வருடத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள, விண்ணப்பத்தில் நான்கு வரி எழுத இடம் விடுவதற்கு என்ன செலவாகிவிடும்?

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாவது மார்க் பிளஸ் ஒன் சேருவதோடு முடிந்துவிடும் என்று நாம் பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். சில வாசல்களில் அது முடிவதில்லை. அதற்காகக் குழந்தைகளை வதைக்க வேண்டாம். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மேலாண்மைக் கழகங்களும் ஒரே கணக்கு வைப்பதில்லை. ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தன் இணையதளத்தில் போடுகிறது. விண்ணப்பிக்கும் முன் அதைப் படித்து, பழைய மார்க்குக்குக் குறைந்த பங்கு கொடுக்கும் இடங்களைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

பையனிடம் அதைத்தான் சொன்னேன். அதுவரை அவன் விண்ணப்பித்ததெல்லாம் பெயர் பெற்ற மூன்று நான்கு இடங்களுக்கு மட்டும். அடுத்த நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கழகத்தின் கணக்கையும் கட்டம் போட்டு எழுதினான். அவன் அம்மா கொடுத்தனுப்பிய கொழுக்கட்டையை நான் சாப்பிட்டுக்கொண்டே கூட்டல் சரிபார்த்தேன். வங்கிக்காரனுக்கு அது ஒன்றுதானே தெரியும்.

உங்கள் வீட்டிலோ தெரிந்த இடத்திலோ இப்படி ஒரு பழைய மார்க் பின்னால் வந்து வழி மறித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். அடுத்தவர்களுக்குப் பயன்படும்.